அறைக்குள் வளரும் மிளகாயின் இலை மஞ்சளாகிக் கருகுவது ஏன்?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வாடகைக்கு எடுத்த மேல்மாடி அறையொன்றில், எல்.ஈ.டி. விளக்கின் கீழ் ஏழு சாடிகளில் மிளகாய் வளர்க்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். செடிகளுக்கு நான்கு மாதமாகிறது. ஐந்து லீற்றர்ச் சாடிகளில் கடையில் கட்டியாக வாங்கிய தென்னந் தும்புத்தூள். காலையும் மாலையும் ஒவ்வொரு கோப்பை கிணற்றுத் தண்ணீர். வாரத்தில் மூன்று நாள், தண்ணீரில் கரைத்து ஊற்றும் பசளைக் கலவையாகிய அல்பேட் கரைசல். கடந்த ஒரு மாதமாகக் கீழ் இலைகள் மஞ்சளாகி, ஓரங்கள் கருகி, தொட்டால் அப்பளம்போல் நொறுங்குகின்றன. இரண்டு செடிகளில் மட்டும் புதுத் தளிர் வெளிறி, நரம்பு பச்சையாகத் தெரிகிறது. முதலில் எப்சம் உப்பும் (அது ஒரு மகனீசிய உப்பு), பிறகு யூரியாவும், அதற்கும் பிறகு அயலில் உள்ளவர்கள் சொன்னதால் முட்டைக்கோதும் சாம்பலும் போட்டாயிற்று. கரைசலையும் இரண்டு மடங்காக்கியாயிற்று. "இன்னும் எந்தச் சத்துக் குறைகிறது?" என்று கேட்கிறீர்கள். ஏதோ ஒன்று குறைகிறது என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டீர்கள். நான் முதலில் எதிர்ப்பது அந்த முடிவைத்தான். நீங்கள் அனுப்பிய படத்தையும் விவரத்தையும் வைத்துப் பார்க்கும்போது, உங்கள் சாடிகளில் ஏதோ ஒன்று கூடிவிட்டது என்றே நினைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த இடத்தில் என் பேச்சை நம்பலாம் என்பது அதில்தான் இருக்கிறது. வலிகாமத்திலும் தீவகத்திலும் 27 ஆண்டுகள் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டத்து மிளகாயும், கிணற்றுத் தண்ணீரும், உப்பும் எனக்குப் பழக்கமானவை. விளக்கின் கீழ் வளர்ப்பதை ஓய்வு பெற்ற பின்னரே வீட்டில் தொடங்கினேன். ஆகவே விளக்கைப் பற்றி நான் சொல்வதை ஒரு மாணவனின் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இலை மஞ்சளாகிறது என்று யாராவது வந்து சொன்னால், எந்த இலை என்பதுதான் நான் திருப்பிக் கேட்கும் முதற் கேள்வி. செடி தன் உடலுக்குள் சில சத்துக்களை இடம் மாற்றிக்கொள்ளும். சிலவற்றை ஒருமுறை ஓரிடத்தில் வைத்தால் பிறகு எடுக்க முடியாது. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகியவை இடம் மாறக்கூடியவை. அவற்றில் ஒன்று போதாமற் போனால், செடி கிழட்டு இலையிலிருந்து பிடுங்கித் தளிருக்குக் கொடுக்கும். மஞ்சள் அடியிலிருந்து ஏறும். கல்சியம், இரும்பு, போரன் போன்றவை இடம் மாறாதவை. அவை போதாவிட்டால் கீழ் இலை பச்சையாகவே நிற்க, தளிர்தான் முதலில் கெடும். இது எந்தச் சந்தேகமும் இல்லாத விடயம், மிளகாய்க்கும் கத்தரிக்கும் வாழைக்கும் ஒன்றுபோலப் பொருந்துவது. உங்கள் செடிகளில் இரண்டு கதைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: ஏழு செடிகளிலும் அடியிலிருந்து ஒன்று, இரண்டு செடிகளில் நுனியிலிருந்து இன்னொன்று. இரண்டையும் ஒரே நோயாக எண்ணி ஒரே மருந்தைத் தேடியதால்தான் நீங்கள் களைத்துப்போனீர்கள்.

அடியில் நடப்பதை முதலில் பார்ப்போம். நைதரசன் குறைந்தால் கிழட்டு இலை முழுவதும், நரம்பும் சேர்த்து, ஒரே சீராக வெளிறும். கருகல் கடைசியில்தான் வரும், வராமலே இலை விழுந்துவிடுவதும் உண்டு. மகனீசியம் குறைந்தால் நரம்பு பச்சையாக நிற்க, இடையிலுள்ள சதை மஞ்சளாகும். பச்சையத்தின் மூலக்கூறுக்கு நடுவில் இருப்பதே ஒரு மகனீசிய அணுத்தான் என்பதால் அது இல்லாத இலையில் பச்சை நிலைக்காது. பொற்றாசியம் குறைந்தால் ஓரம் மஞ்சளாகி, அந்த மஞ்சளே பிறகு கருகும். உங்கள் படத்தில் இவை மூன்றுமே எனக்குத் தெரியவில்லை. இலையின் நுனியும் ஓரமும் முதலில் காய்ந்திருக்கின்றன. காய்ந்த இடத்துக்கும் பச்சைக்கும் நடுவே கோடு கீறியதுபோல எல்லை இருக்கிறது. மஞ்சள் அதற்குப் பிறகு உள்ளே பரவியிருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேள்வியில் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், ஆனால் படம் காட்டிக்கொடுக்கிறது: சாடியின் விளிம்பிலும் தும்புத்தூளின் மேலும் சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு வெள்ளைப் படை. அது பூஞ்சணம் அல்ல. விரலால் சுரண்டிப் பாருங்கள். பொருபொருவென்று உதிர்ந்தால் அது உப்பு.

உப்பு இலையின் ஓரத்தை ஏன் கருக்குகிறது என்று விளங்கிக்கொண்டால், பிறகு செய்ய வேண்டியதை நான் சொல்லாமலே நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். வேர் தண்ணீரை உறிஞ்சுகிறது. இலை அதை ஆவியாக விடுகிறது. தண்ணீரோடு வந்த சோடியமும் குளோரைட்டும் ஆவியாகப் போக முடியாமல், தண்ணீர் ஓடி முடிகிற இடத்தில், அதாவது நுனியிலும் ஓரத்திலும், தங்குகின்றன. அதிக நாள் வேலை செய்த இலையில் அதிகம் தங்கும் என்பதால் கிழட்டு இலைதான் முதலில் கருகும். வேரடியில் நடப்பது இதைவிட மோசம். உப்புக் கூடிய ஈரத்திலிருந்து தண்ணீரை இழுத்தெடுக்க வேருக்கு வலு போதாது; சாடி நனைந்தே இருக்கும், செடியோ தாகத்தில் நிற்கும். இதைப் பார்த்துத்தான் பலர் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அல்லது செடி பட்டினி கிடக்கிறது என்று எண்ணிப் பசளை போடுகிறார்கள். பசளை என்பதும் உப்புத்தான். கரைசலை இரண்டு மடங்காக்கிய வாரத்திலிருந்து கருகல் வேகமெடுத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இனி நம் ஊர்த் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. நாம் குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கிய மழைநீரைத்தான். அந்த நன்னீர், அடியிலுள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. புத்தூரில் நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போனால் உவர். வலிகாமத்துக் கிணறுகள் பொதுவாகச் சவரல்ல, அதாவது உப்புக் கரிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் சவரில்லை என்பதற்காக உப்பில்லை என்று ஆகாது. சுண்ணாம்புக்கல்லில் ஊறிய தண்ணீரில் கல்சியமும் இருகாபனேற்றும் நிறைய இருக்கும். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைக்கு அதுதான் காரணம். பங்குனிக்குப் பிறகு மழை இல்லாமல் இறைப்பு மட்டும் நடக்கும் மாதங்களில், கார்த்திகையில் நன்றாயிருந்த கிணறே தடித்துவிடும், அதாவது உப்புச் செறிந்துவிடும். உங்கள் கிணறு எப்படி என்பதைக் கொக்குவில் என்ற பெயரை வைத்து நான் சொல்ல மாட்டேன். அடுத்தடுத்த வளவுக் கிணறுகளே ஒன்றுக்கொன்று மாறுபடுவதைக் கண்டிருக்கிறேன்.

அப்படியானால் அதே தண்ணீரை இறைத்து இணுவிலிலும் உரும்பிராயிலும் தோட்டக்காரர் பச்சைப்பசேலென்று மிளகாய் வைக்கிறார்களே என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். அவர்களுடைய செம்மண் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் வடிய விடும். வேர் ஓடுவதற்கு இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மாரி பெய்து, ஓர் ஆண்டு சேர்ந்த உப்பை வேருக்குக் கீழே கழுவிக்கொண்டு போகும். உங்கள் அறைக்குள் மாரி இல்லை. நீங்கள் ஊற்றும் இரண்டு கோப்பையும் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லீற்றர் என்று வைத்தால், நான்கு மாதத்தில் ஒரு சாடிக்குள் 60 லீற்றர் போயிருக்கிறது. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவைக் கொண்டு அதிலுள்ள உப்பைக் காட்டும் மானியில் 1 டெசிசீமென் (அந்தக் கடத்தலின் அலகு) காட்டும் தண்ணீரில், லீற்றருக்கு ஏறக்குறைய 640 மில்லிகிராம் உப்புக்கள் கரைந்திருக்கும். அந்தக் கணக்கில் 60 லீற்றருக்கு 38 கிராம். செடி அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி எங்கே போகும்? தட்டில் வடிந்ததையும் வேரே திரும்ப உறிஞ்சும்படி விட்டிருக்கிறீர்கள், ஆகவே எங்கேயும் போகவில்லை. இதில் பசளையின் உப்பையும், நீங்கள் போட்ட எப்சம் உப்பையும் நான் சேர்க்கவில்லை. தும்புத்தூளையும் சேர்க்கவில்லை; நன்றாகக் கழுவாத தும்புத்தூள் தன் பங்குக்குச் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் கொண்டுவரும், கல்சியத்தையும் மகனீசியத்தையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் என் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலை தொடங்கி மூன்றாவது வருடம், வேலணையில் ஒரு வீட்டு முற்றத்தில் சாடிகளில் நின்ற மிளகாயைப் பார்த்துப் பொற்றாசியக் குறைவு என்று எழுதிக் கொடுத்தேன். புத்தகத்துப் படத்தோடு அச்சொட்டாகப் பொருந்தியது. அந்த அம்மா சொன்னபடி பொற்றாசியப் பசளையைக் கரைத்து ஊற்றினார். இரண்டு கிழமையில் பாதிச் செடி நின்றபடியே காய்ந்தது. நான் போட்டது பொற்றாசியங் குளோரைட்டு, ஏற்கெனவே குளோரைட்டில் தவித்துக்கொண்டிருந்த வேருக்கு. கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தாலே எனக்கு விளங்கியிருக்கும். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் இலையைப் பார்க்க முன்னர் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பது எனக்கு வழக்கமாயிற்று.

நாக்கு சவரைக் கண்டுபிடிக்கும். செடிக்குக் கெடுதல் செய்யும் எல்லையை அதனால் பிடிக்க முடியாது. அதற்கு மின்கடத்துதிறன் மானி வேண்டும். பேனை அளவில் கிடைக்கும், பெருஞ்செலவு இல்லை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பல மானிகள் கடத்துதிறனை அளந்துவிட்டு, அதை 500 ஆலோ 700 ஆலோ பெருக்கி "பி.பி.எம்." (பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு) என்று காட்டும். எதனால் பெருக்கியது என்று தெரியாமல் இருவர் தங்கள் எண்களை ஒப்பிட்டால் சண்டைதான் மிஞ்சும். நேரடியாக மில்லிசீமென் அல்லது டெசிசீமென் காட்டும் மானியே நல்லது. சென்ரிமீற்றருக்கு மில்லிசீமென் என்பதும் மீற்றருக்கு டெசிசீமென் என்பதும் ஒரே எண்தான். ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் பாசன நீருக்கு வகுத்த அளவுப்படி, 0.7 டெசிசீமெனுக்குக் கீழ் கவலையில்லை, 0.7 முதல் 3 வரை கவனம் வேண்டும், அதற்கு மேல் கடும் சிக்கல். மிளகாய் உப்பை அதிகம் தாங்காத சாதி. மண்ணைத் தண்ணீரால் நிறைத்துப் பிரித்தெடுக்கும் நிறைசாற்றில் 1.5 டெசிசீமெனைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும்.

கிணற்றை அளந்த பிறகு சாடியையும் அளக்க வேண்டும். வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றி ஒரு மணித்தியாலம் விட்டு, தட்டைக் கழுவி வைத்து, காய்ச்சி வடித்த நீர் ஏறக்குறைய 100 மில்லிலீற்றரை மேலே மெதுவாக ஊற்றுங்கள். கீழே வடிகிற முதல் 50 மில்லிலீற்றரை எடுத்து அளந்து பாருங்கள். வேர் எந்தச் சாற்றில் நிற்கிறது என்பதை இது ஓரளவு காட்டும். தும்புத்தூளில் பசளையோடு வளர்க்கும்போது 2, 2.5 என்று வருவது வழமை, 3.5ஐத் தாண்டினால் கழுவத்தான் வேண்டும். (அளக்கும் முறை வேறு என்பதால் இந்த எண்ணை நிறைசாற்றின் 1.5ஓடு ஒப்பிட வேண்டாம்.) உங்கள் சாடிகளில் அதற்கும் மேலேதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் நான் இதுவரை எழுதியதில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது. அதை அப்போது ஒளிக்காமல் எழுதுங்கள்.

நுனியில் நடக்கும் இரண்டாவது கதை, அந்த இரண்டு செடிகளின் வெளிறிய தளிர். நரம்பு பச்சை, சதை வெளிறல், அதுவும் தளிரில் என்றால் இரும்பைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இரும்பு உப்பைக் கொடுத்து இந்த வெளிறலை மாற்றலாம் என்று பிரான்சில் கிரீஸ் என்பவர் 1840களிலேயே காட்டிவிட்டார்; ஆகவே இது புதுச் செய்தி அல்ல. ஆனால் சுண்ணாம்பு நிலத்தில் இரும்புக் குறைவு என்பது பெரும்பாலும் இரும்பு இல்லாமையால் வருவதில்லை. இரும்பு இருந்தும் கரையாமையால் வருவது. கார அமில அளவாகிய பீ.எச். ஒரு படி ஏற, கரைந்திருக்கும் இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கும். தும்புத்தூளில் மிளகாய்க்கு 5.8 முதல் 6.3 வரை இருந்தால் நல்லது. இருகாபனேற்று நிறைந்த கிணற்றுத் தண்ணீர் அதை நாள்தோறும் மேலே தள்ளும். இந்த நிலையில் நீங்கள் முட்டைக்கோதும் சாம்பலும் போட்டிருக்கிறீர்கள். முட்டைக்கோது சுண்ணாம்புக்கல்லின் அதே பொருள். யாழ்ப்பாணத்துத் தண்ணீருக்கு முட்டைக்கோது போடுவது கீரிமலைக் கேணிக்குள் ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது போன்றது. சாம்பல் அதைவிட வேகமாகக் காரத்தை ஏற்றும். அயலவர் சொன்னது கெட்ட எண்ணத்தில் அல்ல. மழை அமிலமாக்கிய மலைநாட்டு மண்ணுக்கு இரண்டுமே உதவும். இடம்தான் பிழை. அந்த இரண்டு சாடிகளுக்கும் மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சாம்பல் போனதா என்று நினைத்துப் பாருங்கள். போயிருந்தால் இரண்டு மட்டும் ஏன் வெளிறின என்பதற்கு விடை அதுவாக இருக்கலாம். இதை நான் பாதி நிச்சயத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் மங்கனீசுக் குறைவும் ஏறக்குறைய இதே முகத்தோடு வரும்.

இவற்றுக்கு வெளியே, படத்தை வைத்து மட்டும் என்னால் ஒதுக்க முடியாத சில காரணங்கள் உண்டு. முதலாவது வேர். அடிக்கடி சிறிது சிறிதாக ஊற்றும் சாடியில் மேல் காய்ந்தும் அடி சேறாகவும் இருக்கும்; தட்டில் நிற்கும் தண்ணீர் அடிவேரை மூச்சடைக்க வைக்கும். ஒரு செடியைச் சாடியோடு கவிழ்த்து மெதுவாக உருவிப் பாருங்கள். வெள்ளையாகவும் விறைப்பாகவும் வேர் இருந்தால் நல்லது. மண்ணிறமாகி, இழுக்கத் தோல் கழன்று, சேற்று மணம் வந்தால் அழுகல். இரண்டாவது காற்று. மின்விசிறி செடிகளுக்கு நேரே இரவும் பகலும் சுழல்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே 30 பாகை வெப்பத்தில், ஈரப்பதன் 70 வீதத்திலிருந்து 40 வீதமாக இறங்கினால் காற்று இலையிலிருந்து நீரை இழுக்கும் விசை இரண்டு மடங்காகும். குளிரூட்டி போட்ட அறையில் இது எளிதில் நடக்கும். தென்மேற்குக் காற்றாகிய சோளகம் அடிக்கும் மாதங்களில் வேலியோரத்து வாழையிலை ஓரம் கருகிக் கிழிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று மட்டும் இவ்வளவு செய்திருக்காது, ஆனால் உப்புள்ள செடிக்கு அது கூடுதல் சுமை. விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

மூன்றாவது விளக்கு. விளக்கு மிக அருகில் இருந்தால் அதற்கு நேரே கீழுள்ள மேல் இலைகள்தான் வெளிறிச் சுருளும், கீழ் இலைகள் அல்ல. ஆகவே உங்கள் கருகலுக்கு விளக்கு காரணமல்ல என்றே நினைக்கிறேன். எதிர்ப்பக்கமாக, மேல் இலைகளின் நிழலில் அடைபட்ட அடியிலைகள் ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுவது நோயே அல்ல, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். விளக்கைப் பற்றி ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு: ஊதா ஒளியின் கீழ் எடுத்த படத்தில் மஞ்சளும் வெளிறலும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிகின்றன. இலையைக் கொய்து, யன்னலோரத்தில், வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுங்கள்.

பூச்சி இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தாலும், வெறுங்கண்ணால் பார்த்ததை நான் ஏற்க மாட்டேன். இலையை வெள்ளைத் தாளின் மேல் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நடந்தால், விரலால் தேய்க்கச் செம்மண்ணிறக் கோடு விழுந்தால், செஞ்சிலந்தி. உலர்ந்த, மழை படாத அறை அதற்குச் சொர்க்கம். அது குடியேறிய இலையில் ஊசியால் குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள் நிறைந்திருக்கும், ஓரம் மட்டும் கருகாது. தளிர் மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சியையும், கீழ்நோக்கிச் சுருண்டு தடித்தால் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் சிற்றுண்ணியையும் சந்தேகிக்க வேண்டும். உங்கள் படத்தில் இவற்றின் அடையாளம் இல்லை. எப்படியிருந்தாலும் படுக்கிற அறைக்குள் கடைப் பூச்சிநாசினி அடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியதில் முதலாவது, எல்லாவற்றையும் நிறுத்துவது: பசளை, எப்சம் உப்பு, யூரியா, சாம்பல், கோது, எல்லாம். மேலே கிடக்கும் வெள்ளைப் படையையும் கோதுத் துண்டுகளையும் சுரண்டி எடுத்தெறியுங்கள்; கழுவும் முன்னர் இதைச் செய்யாவிட்டால் அந்த உப்பையே வேருக்குள் இறக்குவீர்கள். பின்னர் சாடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், சாடியின் கொள்ளளவைப்போல இரண்டு மூன்று மடங்கு, அதாவது 10 முதல் 15 லீற்றர் நல்ல தண்ணீரை, அரைமணித்தியாலம் எடுத்து, மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். அவசரமாகக் கொட்டினால் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்தோடிவிடும், உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். வடிவதை அளந்து, எண் இறங்கி ஒரு மட்டத்தில் நிற்கும் வரை தொடருங்கள். ஏழு சாடிகளுக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். மிக மோசமான மூன்றுக்கு முதலில் செய்துவிட்டு, மற்றவற்றை ஒரு வாரம் அப்படியே விட்டுப் பாருங்கள். கழுவியதால் மாறியதா, தானாக மாறியதா என்பது அப்போதுதான் தெரியும்.

அதற்குப் பின்னர் ஊற்றும் முறையே மாற வேண்டும். தினமும் இரண்டு கோப்பை என்ற கணக்கை மறந்துவிட்டு, சாடியைத் தூக்கிப் பாருங்கள்; இலேசாகியிருந்தால் மட்டும், அடியில் வடியும் வரை ஊற்றுங்கள்; ஊற்றியதில் ஆறில் ஒரு பங்காவது வடிய வேண்டும், வடிந்ததைக் கட்டாயம் வெளியே கொட்ட வேண்டும். இந்த ஆறிலொரு பங்கு நான் கையால் அள்ளிய கணக்கல்ல. 1 டெசிசீமென் தண்ணீரைக் கொண்டு மிளகாயின் 1.5 எல்லைக்குள் வேரடியை வைத்திருக்கத் தேவையான வடிப்பைக் கணக்கிட்டால் 15 வீதம் வரும். ஒவ்வொரு முறையும் சிறு மாரி பெய்விப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். புதுத்தளிர் எடுத்த பிறகு, அல்பேட் கரைசலைப் பொதியில் சொன்ன அளவின் பாதியாகத் தொடங்கலாம். கிணற்றில் நைத்திரேற்று இருக்கிறதே, நைதரசன் அதிலேயே கிடைக்காதா என்று சிலர் கேட்பதுண்டு. குடிநீருக்கான எல்லையாகிய 50 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள ஒரு லீற்றரில் நைதரசன் 11 மில்லிகிராம்தான். மனிதனுக்குக் கூடுதல், மிளகாய்க்கு அது பத்திலொரு பங்குச் சாப்பாடு.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் அதிகம் தடுமாறுவீர்கள். மழைநீரைவிட நல்லது எதுவுமில்லை. ஒரு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். ஏழு சாடிக்கும் நாளைக்கு ஒவ்வொரு லீற்றர் என்று வைத்தாலும், 1000 லீற்றர்த் தாங்கி நான்கரை மாதத்துக்கு மேல் வரும். மாரியின் முதல் மழையை மட்டும் கூரை கழுவ விட்டுவிடுங்கள். குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. கழுவுவதற்கு அதைச் சேர்க்கலாம். வடிகட்டி விற்கும் போத்தல் நீரும் உதவும், செலவுதான். கொதிக்க வைத்தாறிய கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பின் ஒரு பகுதி படிந்து போகும், ஆனால் சோடியமும் குளோரைட்டும் போகா, நீர் வற்றுவதால் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி இருந்தால் அந்தக் குழாயின் பக்கமே போகாதீர்கள். அது கல்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது. மீன் கழுவிய தண்ணீருக்கும் இதே தடை.

இரும்பைக் கழுவலுக்குப் பின்னர்தான் பார்க்க வேண்டும், ஏனெனில் பீ.எச். இறங்கினால் அது தானாகவே திரும்பக்கூடும். பத்து நாளில் திரும்பாவிட்டால், காரத்திலும் கரைந்து நிற்கும் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பைக் கேட்டு வாங்குங்கள், இ.டி.ரி.ஏ. வகை பீ.எச். 6.5ஐத் தாண்டினால் பிடி விட்டுவிடும், நம் தண்ணீரில் அதற்குக் கொடுக்கும் காசு வீண். எலுமிச்சம் புளி பிழிந்து தண்ணீரின் காரத்தை இறக்குவது உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைச் சில நாட்களில் தின்றுவிடுவதால் ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும், அளவைப் பீ.எச். தாளால் சோதித்துத்தான் பிழிய வேண்டும், கண்மட்டம் உதவாது.

கருகிய இலை எந்த வைத்தியத்துக்கும் பச்சையாகாது. அதைப் பார்த்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள். இன்று விரிந்திருக்கும் கடைசி இலையின் காம்பில் ஒவ்வொரு செடியிலும் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து, நூலுக்கு மேலுள்ள இலைகளின் ஓரம் முழுதாக இருந்தால் சரியான வழியில் போகிறீர்கள். நூலுக்கு மேலும் கருகினால் நான் பிழை விட்டிருக்கிறேன், அல்லது கிணறு நாம் நினைத்ததைவிடத் தடித்திருக்கிறது. கிணற்று எண், கழுவும் முன்னும் பின்னும் ஒரு சாடியின் வடிநீர் எண், பகல் வெளிச்சத்தில் எடுத்த தளிரின் படம் ஆகியவற்றை அனுப்பினால், இரும்பா மங்கனீசா என்பதை இதைவிட உறுதியாகச் சொல்லப் பார்க்கிறேன்.